ஈரலுக்குள் கல்: எந்த வழியாகப் போவது?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சளித்த கண், வலது விலாவுக்குக் கீழே நோவு. மாரி காலத்தில் இந்த மூன்றோடும் ஒருவர் மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரியகல்லாறு வைத்தியசாலைக்கு வந்தால் அங்குள்ள டொக்டருக்கு முதலில் எலிக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். வரவும் வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் வயலுமாகச் சீவிப்பவர்கள் நிறைந்த பகுதி இது. சேற்றில் இறங்கி வேலை செய்தவருக்கு அந்தச் சந்தேகம் தீரும்வரை மருந்தைத் தள்ளிப்போட முடியாது. அடுத்தது வைரஸால் வரும் செங்கண்மாரி. யாழ்ப்பாணமாக இருந்தால், கள்ளுக் குடிப்பவர்களிடம் காணப்படும் அமீபா ஈரற்கட்டியையும் சேர்த்து யோசிப்பார்கள். பித்தக்கானில் கல் இருக்கலாம் என்ற எண்ணம் இந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது. ஈரலுக்கு உள்ளேயே ஓடும் கிளைக் கான்களில் கல் என்பது அதற்கும் பின்னால்.

பிரெஞ்சு வைத்தியர் சார்கோ 1877இல் நோவு, காய்ச்சல், மஞ்சள் என்ற மூன்றையும் சேர்த்துப் பித்தக்கான் தொற்றின் அடையாளமாக எழுதினார். அந்த அடையாளம் இன்றும் செல்லும். ஆனால் ஈரலுக்குள் கல் உள்ளவரிடம் மூன்றும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. ஒரு கிளை மட்டும் அடைபட்டால் மற்றக் கிளைகள் வழியாகப் பித்தம் இறங்கிக்கொண்டே இருக்கும், கண் மஞ்சளிக்காது. காய்ச்சல் வரும், அன்டிபயோட்டிக் குடித்தால் போகும், இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வரும். இடையில் வரும் நோவுக்கு ‘கேஸ்ட்ரிக்’ என்று பெயர் வைத்து, பாமசியில் வாங்கிய குளிசையோடு ஆண்டுகள் ஓடிவிடும்.

பித்தக்கல் என்ற ஒரே பெயருக்குள் மூன்று நோய்கள் இருக்கின்றன. பித்தப்பைக்குள் இருக்கும் கல் எல்லோருக்கும் தெரிந்தது. பையோடு சேர்த்து எடுத்துவிட்டால் அநேகமாகக் கதை முடிந்தது. பையிலிருந்து நழுவிப் பொதுப் பித்தக்கானில் சிக்கும் கல் இரண்டாவது. வலது, இடது ஈரற்கான்கள் கூடுமிடத்துக்கு மேலே, ஈரலுக்குள் கிடக்கும் கல் மூன்றாவது. ‘பையை எடுத்து எத்தனையோ வருசம், திரும்ப எப்படிக் கல்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஈரற்கானில் உள்ள கல்லில் பெரும்பங்கு பையிலிருந்து வந்ததல்ல. அந்தக் கானிலேயே உண்டானது.

அதன் உருவாக்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். சிகிச்சையில் நடக்கும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக இருந்த டிக்பி 1930இல் இந்த நோயை விவரித்தார். 1954இல் அதே நகரின் வைத்தியர்கள் ‘திரும்பத் திரும்ப வரும் சீழ்ப் பித்தக்கான் அழற்சி’ என்று பெயரிட்டார்கள். ஹொங்கொங் நோய் என்றே கொஞ்சக் காலம் அழைத்தார்கள். மேற்கு நாடுகளில் பித்தக்கல் உள்ள நூறு பேரில் ஒருவருக்கு ஈரலுக்குள் கல் இருந்தால் அதிகம். தாய்வானில் ஒரு காலத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. யப்பானில் 1970களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4ஆக இருந்தது, 1990களின் நடுப்பகுதிக்குள் 2 அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த இறக்கத்தைச் சாப்பாடு, சுத்தமான தண்ணீர், மலசலகூடம் ஆகியவற்றின் கணக்கில்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள்.

இந்தக் கல் கொலஸ்திரோல் கல் போலக் கடினமானதல்ல. மண்ணிறமாக, விரலால் நசுக்கினால் குழையும் பதத்தில் இருக்கும். யப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மாக்கி 1966இல் இதற்கு விளக்கம் சொன்னார். குடலில் வாழும் ஈ. கோலை போன்ற பற்றீரியாக்கள் பித்தக்கானுக்குள் ஏறி, குளுகுரோனிடேஸ் என்ற நொதியத்தைச் சுரக்கின்றன. பித்தத்தில் கரைந்த நிலையில் இருக்கும் பிலிருபினை அது கரையாத பிலிருபினாக மாற்றுகிறது. கல்சியம் சேர்ந்ததும் அது மண்டியாகப் படிகிறது. புரதம் குறைந்த சாப்பாட்டில் இந்த நொதியத்தை அடக்கும் பொருளும் பித்தத்தில் குறைந்துபோகும் என்பது அதே ஆய்வு வழியில் வந்த கருத்து. ஆக, தேங்கிய பித்தமும் பற்றீரியாவும் இருந்தால் போதும். தேக்கத்துக்குக் காரணம் கானில் விழுந்த சுருக்கம். கல் சுருக்கத்தை உண்டாக்கும், சுருக்கம் அடுத்த கல்லை உண்டாக்கும். இடது ஈரற்கான் வளைந்து இறங்குவதால் தேக்கம் அங்கே கூடுதல். கல்லும் அங்கேதான் அடிக்கடி காணப்படுகிறது.

இந்தியத் துணைக்கண்டத்தில் இந்த நோயைப் பற்றி மிக நெருக்கமாகத் தெரிந்த இடம் காஷ்மீர். ஸ்ரீநகரில் முகம்மது சுல்தான் குரூவும் அவரது குழுவினரும் 1990இல் லான்செட் இதழில் 500 நோயாளரைப் பற்றி எழுதினார்கள். அத்தனை பேருக்கும் வட்டப்புழு முன்சிறுகுடலிலிருந்து பித்தக்கானுக்குள்ளோ சதையிக்கானுக்குள்ளோ ஏறியிருந்தது. புழு உள்ளே செத்தால் அதன் துண்டும் முட்டையும் கல்லுக்குக் கருவாகின்றன. அவர்கள் கண்ட இன்னொரு விசயம் எங்களுக்கும் உதவும்: பித்தக்கானின் வாயை முன்பு வெட்டி அகலமாக்கியவர்களிடம் புழு சுலபமாக ஏறுகிறது. எண்டொஸ்கோப் சிகிச்சை செய்துகொண்டவர் பூச்சிக்குளிசையைச் சிறுபிள்ளைகளின் மருந்தென்று ஒதுக்கக் கூடாது.

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் படம் வேறு. வட இந்தியாவில் கொலஸ்திரோல் கல்லும் தெற்கில் நிறமிக் கல்லும் கூடுதல் என்பது பழைய அவதானிப்பு. ரயில்வே ஊழியரை ஆராய்ந்த மல்ஹோத்ரா, வடக்கத்தியரிடம் பித்தக்கல் நோய் தெற்கத்தியரைவிட ஏழு மடங்கு கூடுதல் என்று 1968இல் எழுதினார். ஈரலுக்குள் உண்டாகும் கல் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அபூர்வமே. இங்கே அப்படிக் கல்லோடு வருபவரிடம் வைத்தியர் முதலில் தேட வேண்டியது ஒரு காரணத்தை: பித்தப்பை ஒப்பரேசனில் பித்தக்கான் காயப்பட்டுச் சுருங்கியதா, கானைக் குடலோடு இணைத்த இடம் காலப்போக்கில் ஒடுங்கியதா, பிறவியிலேயே கான் பையாக வீங்கியிருந்ததா? ஹொங்கொங்கில் நோயே கல்லாகத் தொடங்குகிறது. எங்களிடம் அநேகமாகக் கல்லுக்கு முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்காமல் கல்லை மட்டும் எடுப்பவர் திரும்பவும் எடுக்க வேண்டிவரும்.

கண்டுபிடிக்கும் வழிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ஸ்கான்தான் தொடக்கம், அருகிலுள்ள களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஈரலில் சுண்ணாம்பு படிந்த பழைய வடு ஒன்றும் ஸ்கானில் கல் போலவே வெள்ளையாகத் தெரியும். ‘ஈரலில் கல்சிபிகேசன்’ என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருப்பவர்களில் அநேகருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மறுபக்கம், பித்தக்கானின் வாய் ஏற்கெனவே வெட்டப்பட்டவரின் கானுக்குள் காற்று ஏறியிருக்கும். அது கல்லை மறைக்கும், சில வேளை கல்லாகவும் தோன்றும். கான்களின் முழு வரைபடம் வேண்டுமென்றால் எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ படம் எடுக்க வேண்டும். எந்தக் கிளையில் கல், எங்கே சுருக்கம், ஈரலின் எந்தப் பகுதி சூம்பிப்போயிருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் எந்தக் கருவியையும் உள்ளே விடக் கூடாது.

இனிச் சிகிச்சை. மக்கள் ‘கமரா விட்டு எடுக்கிறது’ என்று சொல்லும் ஈஆர்சிபி இங்கே முதலில் பேசப்படும். வாஷிங்டனில் மக்கியூன் 1968இல் எண்டொஸ்கோப் வழியாகப் பித்தக்கானின் வாய்க்குள் குழாய் விட்டுச் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார். 1974இல் ஜேர்மனியின் எர்லாங்கனில் கிளாசனும் டெம்லிங்கும், யப்பானின் கியோட்டோவில் கவாயும், அந்த வாயை மின்கம்பியால் வெட்டிக் கல்லை இறக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டார்கள். 1980இல் ஹம்பேர்க்கில், இந்தோனேசியாவில் பிறந்த சோகேந்திரா, பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்துப் பித்தத்தை வடியவிடும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நடப்பது இந்த மூன்றின் நீட்சியே.

நோயாளர் எக்ஸ்ரே மேசையில் குப்புறப் படுத்திருப்பார். தூக்க மருந்து ஏறியிருக்கும். வாய் வழியே இறங்கும் எண்டொஸ்கோப்பின் கண் நுனியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. முன்சிறுகுடலின் உட்சுவரில் சின்ன முலைக்காம்பு போன்ற பித்தக்கான் வாயை நேரே பார்க்க அதுதான் வசதி. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள வழிகாட்டிக் கம்பியை அந்த வாய்க்குள் நுழைப்பதுதான் முழு வேலையிலும் பொறுமை கேட்கும் இடம். கம்பி தவறிச் சதையிக்கானுக்குள் திரும்பத் திரும்பப் போனால் சதையி அழற்சி வரும். ஈஆர்சிபியின் மிகப் பொதுவான பின்விளைவு அது. கம்பி சரியான கானுக்குள் போனதும் சாயம் ஏறும், திரையில் மரக்கிளை போலக் கான்கள் விரியும், கல் உள்ள இடம் வெறுமையாகத் தெரியும். பிறகு வெட்டு, பலூன், கூடை. பொதுப் பித்தக்கானில் உள்ள கல்லை இந்த வழியால் நூற்றுக்குத் தொண்ணூறு பேரில் எடுத்துவிடலாம்.

ஈரலுக்குள் இருப்பதற்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. மழை மிஞ்சி வாவி நிரம்பும்போது கல்லாற்றில் மணல் திட்டியை வெட்டி முகத்துவாரத்தைத் திறக்கிறார்கள். வெள்ளம் கடலுக்கு இறங்கும். ஆனால் மேலே ஒரு வாய்க்கால் அடைபட்டிருந்தால், முகத்துவாரம் எவ்வளவு அகலமானாலும் அந்த வாய்க்காலடி வயலில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். பித்தக்கானின் வாயை வெட்டுவது கீழே உள்ள அடைப்புக்கு மருந்து. இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமான கிளைக்கானில், ஒரு சுருக்கத்துக்கு அப்பால், செங்கோணத்தில் திரும்பும் மூலையில் இருக்கும் கல்லுக்குக் கூடை எட்டாது. எட்டினாலும் சுருக்கத்தைத் தாண்டி வெளியே வராது. இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. அந்த வாயின் தசை, குடலில் உள்ள பற்றீரியா மேலே ஏறாமல் காக்கும் காவல். அதை ஒருமுறை வெட்டினால் வெட்டினதுதான். மாக்கி சொன்ன கல்லுக்கு வேண்டிய பற்றீரியாவுக்கு நாங்களே வழி திறந்துவிடுகிறோம். வேறு வழியில்லாதபோது வெட்டத்தான் வேண்டும். ‘எதற்கும் ஒருக்கால் வெட்டிப் பார்ப்பம்’ என்ற மனநிலையோடு வெட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஓரிடத்தில் ஈஆர்சிபிக்கு இணை கிடையாது. கானில் சீழ் பிடித்து, இரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தடுமாறும் நோயாளர். முன்பெல்லாம் இவர்களை உடனே ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஹொங்கொங்கில் லாயும் குழுவினரும் 82 பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு 1992இல் வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சை செய்த 41 பேரில் 13 பேர் இறந்தார்கள். எண்டொஸ்கோப்பால் வடியவிட்ட 41 பேரில் 4 பேர். அதற்குப் பிறகு இந்த விசயத்தில் பெரிய வாதம் நடக்கவில்லை. அந்த நேரத்தில் கல்லை எடுக்கப் பார்க்கவும் கூடாது. ஸ்டென்ட் ஒன்றை வைத்துச் சீழையும் பித்தத்தையும் வடியவிட்டு வெளியே வர வேண்டும். கல் காத்திருக்கும்.

எட்டாத கல்லை எட்ட இரண்டு பாதைகள் வளர்ந்தன. ஒன்று அதே வாய் வழி. பெரிய எண்டொஸ்கோப்புக்குள்ளால் மூன்றரை மில்லிமீற்றர் அளவான சின்ன எண்டொஸ்கோப் ஒன்றை விட்டு, கானுக்குள்ளேயே போய்க் கல்லை நேரில் பார்ப்பது. 1970களில் தொடங்கி, இரண்டு வைத்தியர்கள் சேர்ந்து பிடிக்க வேண்டிய, அடிக்கடி உடைகிற கருவியாகவே நெடுங்காலம் இருந்தது. ஒருவரே கையாளக்கூடியது 2000களின் பிற்பாதியில் வந்தது. தெளிவான டிஜிற்றல் படம் தருவது 2015 வாக்கில். கல்லைக் கண்டபின் உடைக்க மின்பொறி அதிர்ச்சி அல்லது லேசர் உண்டு. முதலாவது சோவியத் நாட்டில் பாறை உடைக்க ஆராயப்பட்டு, சிறுநீர்ப்பைக் கல்லுக்கு வந்து, அங்கிருந்து பித்தக்கானுக்கு வந்தது. யப்பானில் 36 நோயாளருக்கு வாய் வழியே செய்து 2002இல் வெளியிட்ட முடிவில் 64 சதவீதத்தினருக்கே ஈரற்கல் முழுதாக நீங்கியது. கருவி அதற்குப் பிறகு முன்னேறிவிட்டது; கிளையின் வளைவும் சுருக்கமும் முன்னேறவில்லை.

மற்றது விலாவுக்கிடையே தோல் வழி. கதிரியக்க நிபுணர் வீங்கிய கிளைக்கானை ஊசியால் குத்திக் குழாய் வைப்பார். இரண்டு மூன்று வாரத்தில் குழாயை மாற்றி மாற்றிப் பாதையை ஐந்தாறு மில்லிமீற்றராக அகட்டுவார்கள். பாதை பதப்பட்டதும் அதன் வழியே எண்டொஸ்கோப்பை விட்டு உடைத்து, கழுவி, சுருக்கத்தைப் பலூனால் விரிப்பார்கள். ஒரே தடவையில் முடியாது. விலாவில் குழாயும் பையும் தொங்க மாதக்கணக்கில் நடமாட வேண்டும். குளிப்பதும் வயலுக்குப் போவதும் அந்தக் குழாயைக் கேட்டுத்தான். எண்டொஸ்கோப் என்றால் மக்கள் மனதில் வாய் வழிதான். ஆனால் கிளைக்கானுக்குக் கிட்டிய பாதை இதுவே, முடிவும் மேல். தாய்வானில் 245 பேருக்கு இப்படிச் செய்து 2003இல் வெளியிட்ட நீண்டகாலக் கணக்கில் 85 சதவீதத்தினருக்குக் கல் முழுதாக நீங்கியது. அதே கணக்கின் அடுத்த வரி: நீண்டகாலத்தில் 63 சதவீதத்தினருக்குத் திரும்பவும் கல் வந்தது. சுருக்கம் இருந்தவர்களில் அது கூடுதல்.

இந்த இரண்டாவது எண்தான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம். எண்டொஸ்கோப் மகாநாடுகளில் கல் நொறுங்கும் வீடியோவைக் காட்டுவார்கள், கைதட்டு விழும். ஐந்து வருசத்துக்குப் பிறகு அந்த நோயாளர் எப்படி இருக்கிறார் என்பதற்கு வீடியோ இல்லை.

ஆகவே ஈரலின் ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் இடப்பக்க மடலில் மட்டும் கல் நிறைந்து, அந்தப் பகுதி சூம்பிப்போயிருந்தால், உடல் தாங்கக்கூடியவருக்கு அந்தத் துண்டையே வெட்டி எடுப்பது மேல் என்பதில் கிழக்காசிய நிபுணர்களிடம் பெரிய வேறுபாடில்லை. கல், சுருக்கம், தேக்கம் மூன்றும் ஒன்றாகப் போகின்றன. இன்னொரு காரணமும் உண்டு: நெடுங்காலம் அழற்சியில் கிடந்த கானில் சிலருக்குப் புற்றுநோய் உண்டாகிறது. சூம்பிய மடல் அதற்கு ஏற்ற இடம். கல் எடுத்தபின் காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலோ நோவு தொடர்ந்தாலோ அதை மனதில் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் கல் பரவியவர், வயதானவர், இதய நோயாளி, ஏற்கெனவே வெட்டுப்பட்டவர் ஆகியோருக்குத்தான் எண்டொஸ்கோப் முதல் தெரிவு. சத்திரசிகிச்சையைக் கடைசிப் புகலிடமாக நினைப்பது வழக்கம். இந்த நோயில் சிலருக்கு அதுவே முதலாவதாக இருக்க வேண்டும்.

பித்தக்கானை ஏற்கெனவே குடலோடு இணைத்தவருக்குச் சாதாரண எண்டொஸ்கோப் அந்த இணைப்பு வரை போகாது. பலூன் பொருத்திய நீண்ட குடல் எண்டொஸ்கோப், தோல் வழி, இரைப்பையிலிருந்து அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டு இடது ஈரற்கானைக் குத்தும் புதிய வழி என்று தெரிவுகள் உண்டு. கடைசியாகச் சொன்னது கையில் நல்ல பழக்கம் உள்ள பெரிய நிலையங்களுக்கே உரியது.

சதையி அழற்சிக்கு ஒரு மலிவான தடுப்பு இருப்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்துக் கூடிய 602 பேரில் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. ஆசனவாயில் இண்டோமெதசின் வைத்தவர்களில் 9.2 சதவீதத்தினருக்கும், வைக்காதவர்களில் 16.9 சதவீதத்தினருக்கும் சதையி அழற்சி வந்தது. கோடிக்கணக்கான ரூபா விலையுள்ள கருவிகளின் நடுவே சில ரூபா மருந்து செய்யும் வேலை இது.

பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். கொழும்பு அதற்கப்பால் முந்நூறுக்கும் மேல். கொழும்புத் தேசிய வைத்தியசாலை, ராகம போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களில் ஈஆர்சிபி இலவசமாகவே நடக்கிறது. இலவசம் என்பது உள்ளே போன பிறகு. இரவு பஸ், கூடப் போகிறவரின் நாட்கூலி, வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீடு எல்லாம் வேறு கணக்கு. வழிகாட்டிக் கம்பியும் பலூனும் கூடையும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 பொருளாதார நெருக்கடியில் பேராதனை போன்ற பெரிய வைத்தியசாலையே மருந்தும் பொருளும் இல்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. அப்படியான காலத்தில் பல தடவை செய்ய வேண்டிய சிகிச்சையைவிட ஒரே தடவையில் முடியும் சிகிச்சைக்குப் பெறுமதி கூடுகிறது. மேற்கத்திய வழிகாட்டிகளில் இந்தக் கணக்கு இருக்காது. இங்குள்ள வைத்தியர் போட்டுப் பார்க்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது ஸ்டென்ட். ஒரு சாண் நீளமும் வராத பிளாஸ்டிக் குழாய், உள்விட்டம் இரண்டு மூன்று மில்லிமீற்றர். மூன்று மாதத்துக்குள் அதில் பற்றீரியாவும் மண்டியும் படிந்து அடைபடத் தொடங்கும். எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். வைத்த சில நாட்களிலேயே காய்ச்சல் இறங்கி, கண் வெளுக்கத் தொடங்கி, பசி திரும்பிய நோயாளர் தனக்குச் சுகம் என்று நம்பி வீட்டுக்குப் போகிறார். ஸ்டென்ட் உள்ளே இருப்பது ஆங்கிலத்தில் எழுதிய கார்ட்டில் மட்டும் இருக்கும். கார்ட் அலுமாரியில் இருக்கும். வருடக்கணக்கில் மறந்துபோன ஸ்டென்டைச் சுற்றிப் பெரிய கல் வளர்ந்து, அதுவே புது நோயாகி வருவதை இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லா நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள்.

இதற்குப் புதுக்கருவி தேவையில்லை. ஸ்டென்ட் வைத்த நிலையம் ஒரு பட்டியல் வைத்து, தவணை தப்பியவருக்குத் தொலைபேசியில் பேசலாம். நோயாளரின் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் ‘உள்ளே குழாய் இருக்கிறது, இந்தத் திகதிக்கு முன் எடுக்க வேண்டும்’ என்று தமிழில் எழுதி, வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் வாசித்துக் காட்டலாம். கல் எடுத்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ஸ்கானும் ஈரல் குருதிப் பரிசோதனையும் களுவாஞ்சிகுடியிலேயே செய்து, மாற்றம் தெரிந்தால் மட்டும் கொழும்புக்கு அனுப்பலாம். காய்ச்சலோடு திரும்பி வருபவரிடம் எலிக்காய்ச்சலுக்கு இரத்தம் எடுக்கும் அதே நேரத்தில், ‘பித்தக்கானில் எப்போதாவது ஏதும் செய்தீர்களா?’ என்று ஊர் வைத்தியசாலையில் கேட்டுவிட்டால், மூன்றாவது நான்காவது காய்ச்சல் வரை காத்திருக்க வேண்டிவராது.